ஒஷெவென்ஸ்க் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. ஜூன் விடுமுறைக்கு உன் தோழியின் பாட்டி வீட்டுக்கு, ஒஷெவென்ஸ்க் என்ற ஊருக்குப் போகப்போவதாக ஃபோனில் சொன்னாய். அன்று ராத்திரியே வரைபடத்தை விரித்து வைத்து உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருஷம் வி.ஏ.ஓ.வாக இருந்தவளுக்கு ஓர் ஊர்ப் பெயர் காதில் விழுந்தால், அது எந்தத் தாலுகா, எல்லை எது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் தூக்கம் வராது.

நீ மருத்துவம் படிக்கும் ரஷ்யாவின் ஆர்க்காங்கெல்ஸ்க் மாகாணத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது அந்த இடம். மாகாணம் அங்கே ஒப்லாஸ்த். அதற்குக் கீழே நம் தாலுகா மாதிரி ராயோன். நீ போவது கார்கோபோல் ராயோன். பரப்பு பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே; தமிழ்நாட்டில் எந்த மாவட்டமும் அவ்வளவு பெரிதில்லை. 2010 கணக்கெடுப்பில் மொத்த ஜனம் 18,466. அதில் பாதிக்கு மேல் கார்கோபோல் நகரத்திலேயே இருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் காட்டுக்கும் சதுப்புக்கும் ஏரிகளுக்கும் நடுவே சின்னச் சின்ன ஊர்களில். என் பொறுப்பில் இருந்த ஒரு கிராமத்திலேயே ஆறாயிரம் பேர். அதனால் அந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

மாஸ்கோ போகும் ரயிலில் ஏறி, பிளெசெட்ஸ்க் தாண்டி, நியாந்தொமாவில் இறங்க வேண்டும். அங்கிருந்து மேற்கே சுமார் எண்பது கிலோமீட்டர் பஸ். 1890-களில் ஆர்க்காங்கெல்ஸ்குக்கு ரயில் பாதை போட்டபோது கார்கோபோலைத் தொடாமல் கொண்டுபோய்விட்டார்கள். அதற்கு முன்னால் அது வெண்கடல் உப்பு வியாபாரத்தில் கொழித்த ஊர். 1562-ல் கட்டி முடித்த வெள்ளைக்கல் தேவாலயம் இன்னும் நிற்கிறது. போகிற வழியில் அதைப் பார்க்காமல் போகாதே.

ஒரு விஷயத்தில் மட்டும் நானே குழம்பினேன். ஒனேகா ஆறு வேறு, ஒனேகா ஏரி வேறு. ஆறு, லாச்சா என்ற ஏரியில் புறப்பட்டு, கார்கோபோலை ஒட்டி வடக்கே நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி வெண்கடலில் விழுகிறது. ஒனேகா ஏரியோ மேற்கே, கரேலியா பக்கம். அதன் தண்ணீர் லடோகா ஏரி, நேவா ஆறு வழியாகப் பால்டிக்குக்குப் போகிறது. இரண்டையும் பிரிக்கும் மேடு இந்த ராயோனின் மேற்குப் பக்கத்தில், கெனோசெரோ தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அங்கே மாசெல்கா என்று ஓர் ஊர். பெயரே பின்லாந்து மொழிக்கு உறவான ஒரு பழைய மொழியில் நீர் பிரிமேட்டைக் குறிப்பது. ரஷ்யர்கள் வருவதற்கு முன் அங்கே வாழ்ந்தவர்கள் வைத்த பெயர். பிறகு நோவ்கொரோத் என்ற பழைய ரஷ்ய நகரத்தில் இருந்து வந்தவர்கள் படகை ஆற்றில் இருந்து தூக்கி, தரையில் இழுத்து, அடுத்த ஆற்றில் இறக்கி இந்தப் பக்கம் வந்தார்கள்.

ஒஷெவென்ஸ்க் என்று வரைபடத்தில் தேடினால் ஒரே ஊராகக் கிடைக்காது. பொகோஸ்த், ஷிரியாயிஹா, நீஸ், ஹலூய் என்று பல ஊர்கள் சேர்ந்ததுதான் அது. இதில் பொகோஸ்த் என்ற பெயரிலேயே நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். 947-ல் ராணி ஒல்கா பொகோஸ்துகளை ஏற்படுத்தினாள் என்று அவர்களுடைய பழைய வரலாற்றேடு சொல்கிறது. கப்பம் வசூலிக்க ஆள் வந்து தங்கும் இடம், அதாவது நம் பிர்க்கா மாதிரி. அப்புறம் அந்த இடத்தில் தேவாலயம் வந்தது, தேவாலயத்தைச் சுற்றிக் கல்லறைகள் வந்தன. இன்று அந்தச் சொல்லுக்கு இடுகாடு என்றே பொருள். வருவாய்த் துறைச் சொல் ஒன்று ஆயிரம் வருஷம் கழித்து இப்படி ஓர் ஊர்ப் பெயராகக் கிடக்கிறது.

கார்கோபோல் பக்கத்து ஜனங்கள் இருந்த இடத்தில்தான் இருந்தார்கள், தலைமையிடம்தான் மாறிக்கொண்டே இருந்தது. 1919 வரை ஒலோனெட்ஸ் மாகாணம், தலைநகரம் மேற்கே பெத்ரோசவோத்ஸ்க். பிறகு தெற்கே வோலோக்தா. 1929-ல் பழைய பிரிவுகளைக் கலைத்து ராயோன் அமைத்தார்கள், அப்போது தலைமை வடக்கே ஆர்க்காங்கெல்ஸ்குக்குப் போனது. 2003 உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பிறகு நகரத்துக்கு ஒன்று, ஒவ்வொரு கிராமத் தொகுதிக்கும் ஒன்று என்று தனித்தனி உள்ளாட்சிகள் வந்தன. 2020-ல் அத்தனையையும் சேர்த்து, முனிசிபல் ஒக்ருக் என்று ஒரே உள்ளாட்சியாக்கிவிட்டார்கள். ஆள் குறைந்துகொண்டே போகும்போது இத்தனை அலுவலகம் கட்டுப்படியாகாது என்பது புரிகிறது. நானும் கணக்குப் பார்த்தவள்தான். ஆனால் முடிவெடுக்கும் மேசை தள்ளிப் போகப் போக யாருக்குக் கால் வலிக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நீ மூன்றாவது படிக்கும்போது, மலைக்குடியிருப்பில் இருந்து ஓர் அம்மா விதவை உதவித்தொகைக்காகக் கையெழுத்து வாங்கக் கீழே நடந்து வந்தார். நான் ஜமாபந்திக்குப் போயிருந்தேன், அறை பூட்டியிருந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். அன்றைக்கும் நான் இல்லை. மூன்றாம் தடவை பார்த்தேன். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. காலில் செருப்பில்லை, குதிகால் வெடிப்பில் செம்மண் ஏறியிருந்தது. மலைக்குப் போகும் பால்காரரிடம் இன்ன நாள் இருக்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். செய்யவில்லை. பதினான்கு கிலோமீட்டர் பாதை அது.

அதனால்தான் இந்தக் கடிதம். அந்த மாதிரி ஊர்களில் ஃபெல்ட்ஷர், அதாவது டாக்டருக்கு அடுத்த நிலை மருத்துவப் பணியாளர், இருக்கும் ஃபெல்ட்ஷர் நிலையம் என்று ஒன்று இருக்கும். உனக்குப் பாடத்திலேயே வந்திருக்கும். 1864-க்குப் பிறகு வந்த ஜெம்ஸ்த்வோ உள்ளாட்சிகள் கிராமத்துக்கு வைத்தியம் கொண்டுபோன காலத்தில் வேரூன்றிய ஏற்பாடு. டாக்டர் எட்டாத இடத்தில் ஃபெல்ட்ஷர்தான் காய்ச்சலும் பார்ப்பார், பிரசவமும் பார்ப்பார். கிராமத்துக்கு வரும் டாக்டருக்குப் பத்து லட்சம் ரூபிள் தரும் திட்டத்தை 2012-ல் அரசாங்கம் தொடங்கியதே ஆள் வராததால்தான்.

பாட்டியோடு அந்தப் பக்கம் போனால் அனுமதி கேட்டு ஓர் அரைமணி நேரம் உட்கார்ந்து பார். யார் வருகிறார்கள், எதில் வருகிறார்கள், கதவு பூட்டியிருந்தால் அவர்களுக்கு யார் தகவல் சொல்கிறார்கள் என்று கேட்டு எனக்கு எழுது.

அப்புறம், ஹலூய் பக்கத்தில் ஓர் ஆறு பூமிக்குள் இறங்கி, ஊரைத் தாண்டி மறுபடி வெளியே வருகிறதாம். அடியில் சுண்ணாம்புக்கல், அதனால் தண்ணீர் உள்ளே வழி தேடிக்கொள்கிறது. ஒஷெவென்ஸ்கில் உள்ள மடத்தை நிறுவிய துறவி அலெக்ஸாந்தர் அந்த ஊர்க்காரர்கள் மேல் கோபப்பட்டு, தண்ணீர் பக்கத்திலேயே இருந்தும் தண்ணீர் இல்லாமல் இருங்கள் என்று சபித்தாராம். அது வெளியே வரும் இடத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு. கொசு அதிகம், முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள். பாஸ்போர்ட்டும் பதிவுத் தாளும் பையில் இருக்கட்டும். பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
அம்மா