அந்தப் பிள்ளைகள் எழுதட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் எழுதும் ஊர்க் கவிதைகளை இனிப் பிரசுரிக்க வேண்டாம் என்று சென்ற ஞாயிறு ஒரு வாசகர் உங்களைக் கேட்டிருந்தார். 1990 இல் போரால் சனம் வெளிக்கிட்டபோது பிறந்தே இராத பிள்ளைகளுக்கு, யாழ்ப்பாணத்து வடகரை ஊர்களான மயிலிட்டியையும் பலாலியையும் பற்றி என்ன தெரியும், இதெல்லாம் இரவல் துக்கம் என்பது அவருடைய வாதம். நான் மயிலிட்டியில் பிறந்து, அங்கேயே கலியாணம் கட்டி, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, 1990 ஆனி மாதம் ஊரோடு ஊராக வெளிக்கிட்டவள். அந்த உரித்தோடு அவருக்கு மறுப்பு எழுதுகிறேன்.

அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பனை, கிடுகு வேலி, முற்றத்து நிலவு, ஆச்சியின் சுருட்டு என்று எழுதிவிட்டு எந்த ஊரின் பெயரையும் மேலே போட்டுக்கொள்ளலாம் என்ற மாதிரிக் கவிதைகள் வருகின்றன. கடற்கரை ஊரைப் பற்றிய கவிதையில் ஒரு வள்ளமோ வலையோ கண்ணில் படாது. அவற்றை வாசிக்க எனக்கும் சலிப்புத்தான்.

ஆனால் உங்கள் பக்கத்திலேயே இரண்டு கிழமைக்கு முதல் வந்த கவிதையை அவர் வாசிக்கவில்லையா? எழுதியவள் முகாமில் பிறந்த பிள்ளை. அவளுடைய அம்மம்மா ஒவ்வோர் இரவும் படுக்கப் போகுமுன், "வாளியை உள்ளுக்கு எடுத்து வைச்சாச்சோ?" என்று கேட்பாராம். முகாமில் அவர்களுக்குக் கிணறே இல்லை, குழாய்த் தண்ணீர். முதலில் சிரித்த பிள்ளைகள் பிறகு "ஓம் அம்மம்மா, வைச்சாச்சு" என்று சொல்லப் பழகிவிட்டார்கள். அம்மம்மாவின் செத்தவீடு முடிந்த இரவு, ஒருவரும் கேட்காமலே தம்பி "வைச்சாச்சு" என்கிறான். கவிதை அதோடு நிற்கிறது. என் கணவர் இரண்டாம் தரமும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். வாடைக் காலத்தில் எங்கள் கரையில் உப்புக் காற்று கிணற்றடி வரைக்கும் அடிக்கும். தகர வாளியை வெளியில் விட்டால் கைபிடி கொளுவியிருக்கும் காது துருப்பிடித்து, ஒரு நாள் தண்ணீரோடு அறுந்து கிணற்றுக்குள் போய்விடும். பிறகு, கிணற்றுக்குள் விழுந்ததைக் கொளுவி எடுக்கும் பாதாளக் கரண்டி வைத்திருக்கிற வீட்டைத் தேடி ஓட வேண்டும். அதனால் விளக்கை அணைக்குமுன் எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி கேட்கும். அதைக் காதால் கேட்டு, ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதிய பிள்ளையைப் பார்த்து இரவல் என்று எப்படிச் சொல்வது? அவள் பறிகொடுத்தது தன் சொந்த அம்மம்மாவை அல்லவா?

பிறந்த இடத்தைத்தான் எழுதலாம் என்றால் 'மஹாகவி' என்ற பெயரில் எழுதிய எங்கள் கவிஞர் உருத்திரமூர்த்தியை என்ன செய்வது? அவர் அளவெட்டிக்காரர், கடற்றொழிலாளி அல்ல. கடலுக்குப் போனவன் நெடுங்காலம் திரும்பாத ஒரு வீட்டை வைத்து அவர் எழுதிய 'புதியதொரு வீடு' நாடகத்தில், சிறுநண்டு மணலில் கீறும் படத்தைக் கடல் கொண்டுபோகும் அந்தப் பாட்டை எங்கள் கரைச் சனம் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டது. அவருடைய மகன், கவிஞர் சேரன், 1981 இல் யாழ்ப்பாணமும் நூலகமும் எரிந்ததை இருபது வயது மட்டில் தன் காலத்திலேயே கண்டு 'இரண்டாவது சூரிய உதயம்' எழுதினார். கண்டு எழுதுவதும் இருக்கிறது, கேட்டு எழுதுவதும் இருக்கிறது. தகப்பனும் மகனும் ஒரே வீட்டிலிருந்து இரண்டையும் செய்து காட்டியிருக்கிறார்கள்.

2017 ஆடியில் மயிலிட்டித் துறைமுகம் இராணுவத்தின் பிடியிலிருந்து விடுபட்டது. பிறகு எங்கள் பக்கமும் திறந்தபோது போய்ப் பார்த்தோம். வீடு இல்லை, மதில் இல்லை, ஒழுங்கை எது என்றே தெரியவில்லை. ஆளுயரப் பற்றை. கிணற்றுக் கட்டை வைத்துத்தான் காணியைப் பிடித்தோம். வெளிக்கிடும்போது கைக்குழந்தையாக இருந்த மகன், "அம்மா, குசினி எங்கே இருந்தது?" என்று கேட்டான். கிணற்றிலிருந்து எட்டு வைத்து நடந்து, அடுப்பு இங்கே, அம்மி அங்கே, மீன் வெட்டுகிற கல் இந்த மூலையில் என்று காட்டினேன். காணி உறுதியில் எல்லை இருக்கிறது, பரப்பு இருக்கிறது. அம்மி இருந்த மூலை இல்லை. அது என்னைப் போன்றவர்களின் தலைக்குள்தான் இருக்கிறது. நாங்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறோம்.

ஆகவே பிள்ளைகளின் கவிதைகளை நிறுத்த வேண்டாம். சலிப்பான கவிதை வந்தால் திருப்பி அனுப்புங்கள். அனுப்பும்போது, "வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டு, உங்கள் ஊரில் மட்டும் இருந்த ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள்" என்று ஒரு வரி குறித்து விடுங்கள். கவிதையின் கீழே எழுதியவரின் பெயரோடு, இப்போது இருக்கும் ஊரையும் குடும்பம் விட்டுவந்த ஊரையும் போடுங்கள். அது எங்களுக்கு உதவும். எந்த ஒழுங்கைப் பிள்ளை என்று பார்த்து நாங்களே தேடிப் போய்ச் சொல்லலாம்.

கண்ணகை அம்மன் கோயிலடியிலிருந்து துறை வரைக்கும் எங்கள் வீதியில் இருந்த வீடுகளை, யார் வீட்டில் என்ன மரம், யாருடைய கிணறு நல்ல தண்ணீர், யாரிடம் பாதாளக் கரண்டி இருந்தது என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். வாளிக் கவிதை எழுதிய பிள்ளை விரும்பினால் அதன் பிரதியை உங்கள் அலுவலகத்தினூடாக அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
இளைப்பாறிய ஆசிரியை ஒருவர்,
மல்லாகம்.