பூல் மேசைக்குக் கொத்தனார் ரசமட்டம் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் விடுதிகளிலும் இப்போது நிறையப் பணம் போட்டுப் பூல் (கோலால் பந்தைத் தட்டிக் குழியில் விழவைக்கும் ஆட்டம்) மேசை வாங்குகிறார்கள். ஆனால் அதை மட்டம் பார்க்க வருகிறவர் கையில் இருப்பது கொத்தனார் ரசமட்டம்தான், சிலர் செல்போனை வைத்துப் பார்த்துவிட்டு ‘சரியா இருக்கு சார்’ என்று கிளம்பிவிடுகிறார்கள். கோவையில் லேத் மெஷின்களை மட்டம் பார்த்து நிறுத்துகிற வேலை என்னுடையது, இதைக் கண்டும் காணாமல் இருக்க மனசு வரவில்லை.

செல்போன் 0.1 டிகிரி வரை காட்டும் என்றே வைத்துக்கொள்வோம், அது மீட்டருக்கு 1.75 மி.மீ. சரிவு. நல்ல ரசமட்டமே மீட்டருக்கு 0.5 மி.மீ. வரை தப்பலாம். அந்த அரை மில்லிமீட்டர் சரிவில் மெதுவாகத் தட்டிய பந்து நாலு விநாடி உருண்டால் பக்கவாட்டில் 28 மி.மீ. விலகிவிடும், பந்தே 57 மி.மீ.தான், பிறகு எப்படிக் குழியில் விழும்? 9 அடி மேசையின் ஆடுதளம் நீளவாக்கில் 0.508 மி.மீ.க்குள்ளும் அகலவாக்கில் 0.254 மி.மீ.க்குள்ளும் தட்டையாக இருக்க வேண்டும் என்று உலக பூல் பில்லியர்ட் சங்கம் சொல்கிறது. ஆடுதளம் 2.54 மீட்டருக்கு 1.27 மீட்டர், ஆக எந்தப் பக்கம் கணக்குப் போட்டாலும் மீட்டருக்கு 0.2 மி.மீ. வருகிறது. மட்டத்துக்கும் அதையே எல்லையாக வைக்கலாம் என்பது என் கருத்து.

அதற்காக எங்கள் பட்டறையில் இருக்கும், மீட்டருக்கு 0.02 மி.மீ. சரிவைக்கூடக் காட்டிவிடுகிற மட்டத்தைக் கொண்டுவாருங்கள் என்று சொல்ல மாட்டேன். அதில் குமிழி நிற்கவே நிற்காது, கைச்சூடு பட்டாலும் நகரும், பக்கத்தில் ஒருவர் நடந்து டைல்ஸ் தரை லேசாக அமுங்கினாலும் நகரும், மேலே விரிக்கப்போகிற துணிக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையும் இல்லை. குமிழி ஒரு கோடு நகர்ந்தால் மீட்டருக்கு 0.1 மி.மீ. சரிவு என்று காட்டுகிற மெஷின் மட்டம் போதும், 0.05 கிடைத்தால் இன்னும் நல்லது. அந்த எண் மட்டத்திலேயே எழுதியிருக்கும், மேசை விற்பவரிடம் அதைக் கேட்ட பிறகு ஆர்டர் கொடுங்கள்.

துணி போடுவதற்கு முன்பே வெறும் ஸ்லேட் கல் மேல்தான் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் மட்டத்தை முனை மாற்றித் திருப்பி வைத்தும் பாருங்கள், குமிழி மேசையின் அதே பக்கம் அதே அளவு நகராமல் வேறு மாதிரி நின்றால் மட்டத்திலேயே கோளாறு. அப்புறம், மூன்று துண்டுக் கல் என்றால் இணைப்பில் ஏற்ற இறக்கம் 0.127 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது, இதை எந்த ரசமட்டமும் சொல்லாது, நேர்விளிம்புக் கட்டையை வைத்து ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துத்தான் பார்க்க வேண்டும். இந்த இடத்தைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், துணி ஒட்டிய பிறகு அதைச் சரிசெய்வது இரட்டை வேலை. மேசையின் எடைக்குக் கால்கள் கொஞ்சம் இறங்கும் என்பதால் சில வாரம் கழித்து அதே மட்டத்தோடு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

– ஒரு வாசகர், கோவை