அட்லஸ் அச்சிடுகிறவர்களே, எந்த ஆண்டு பார்த்த சாலை என்று சொல்லிவிடுங்கள்

வணக்கம்.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களுக்கு, மாநிலத்துக்கு ஒன்றாகச் சாலை அட்லஸ் அச்சிட்டு விற்கும் பதிப்பகத்தார் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். யாரையும் பெயர் சொல்லிக் குறை கூறப்போவதில்லை. உங்கள் புத்தகத்தை நம்பி நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, செல்பேசிக் கோபுரமே எட்டாத காட்டுக்குள்ளும் பாலைவனத்துக்குள்ளும் வண்டி ஓட்டுகிறவர்களில் நானும் ஒருவன். கேட்க வந்தது ஒன்றுதான்: ஒவ்வொரு பக்கத்திலும் நீங்கள் வரைந்திருக்கும் சாலைகளைக் கடைசியாக எந்த ஆண்டு, எப்படிச் சரிபார்த்தீர்கள் என்பதை அந்தப் பக்கத்திலேயே போடுங்கள்.

அட்டையில் புதுப் பதிப்பு என்று ஓர் ஆண்டு இருக்கிறதே என்பீர்கள். அது புத்தகம் அச்சான ஆண்டு, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் மண் சாலையை யாராவது அந்த ஆண்டு போய்ப் பார்த்தார்களா, பழைய அரசு வரைபடத்திலிருந்து அப்படியே எடுத்ததா, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கோடு போட்டதா என்பது வாங்குகிறவருக்குத் தெரிய வழியே இல்லை. நெடுஞ்சாலைக்கு இது பெரிய விஷயமில்லை, பத்து வருடம் ஆனாலும் அது அங்கேதான் இருக்கும். காட்டுச் சாலை அப்படியல்ல. வாஷிங்டன் மாநிலத்தில் சுயாட்டில் ஆற்றோரமாகப் போகும் வனச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள்: 2003-இல் வெள்ளம் அடித்துப்போனது, 2006-இல் மறுபடியும் அடித்துப்போனது, கடைசியில் திறந்தபோது 2014 ஆகிவிட்டது. அதே 2006 நவம்பர் வெள்ளத்தில் மவுண்ட் ரெய்னியர் தேசியப் பூங்காவின் கார்பன் ஆற்றுச் சாலையும் போனது, அது வண்டிகளுக்குத் திரும்பத் திறக்கவே இல்லை, அதன் பிறகு நடந்தோ சைக்கிளிலோதான் போக முடிந்தது. இடைப்பட்ட அந்த வருடங்களில் ஓர் அட்லஸை வாங்கியவர், கையில் இருக்கும் பக்கம் வெள்ளத்துக்கு முந்தையதா பிந்தையதா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

செல்பேசி இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் உங்கள் பக்கம் நின்றுதான் பேசுகிறேன். உள்ளங்கை அளவுத் திரையில் தெரிவது அடுத்த திருப்பம் மட்டும்தான். அட்லஸை விரித்துப் போட்டால் இரண்டு பள்ளத்தாக்கும் நடுவில் இருக்கிற மலைமுகடும் ஒரே பார்வைக்குள் வந்துவிடும், பெட்ரோல் கிடைக்கும் அடுத்த ஊர் எந்தத் திசையில் என்று தெரியும், போகிற வழி அடைபட்டால் வெளியே வர வேறு வழி உண்டா என்பதும் தெரியும். டெத் வேலி தேசியப் பூங்காவின் காவலர்கள், ஜிபிஎஸ் காட்டிய கைவிடப்பட்ட தடங்களில் போய் மாட்டி உயிரை விடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, அதற்கு ‘ஜிபிஎஸ் மரணம்’ என்றே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் காகிதத்துக்கும் பொறுப்பு உண்டு. 2006 நவம்பர் கடைசியில் ஓரிகன் மாநிலத்தில் ஒரு குடும்பம், நெடுஞ்சாலையில் பிரிய வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, காகித வரைபடத்தைப் பார்த்து, கோல்டு பீச் என்ற கடற்கரை ஊருக்குப் போக மலைக்குக் குறுக்கே செல்லும் பேர் கேம்ப் சாலையில் ஏறியது. குளிர்காலத்தில் பனி தள்ளாத சாலை அது. வழி மாறி மரம் வெட்டுவோர் போட்ட ஒரு கிளைச் சாலைக்குள் போய்ப் பனியில் சிக்கி, நாள்கணக்கில் காருக்குள்ளேயே கிடந்தார்கள். தாயும் இரண்டு குழந்தைகளும் மீட்கப்பட்டார்கள். உதவி தேடி நடந்துபோன தந்தை குளிரில் இறந்துபோனார். வரைபடத்தில் ஒரு கோடு இருந்தால் அதில் போகலாம் என்றுதான் யாருமே எடுத்துக்கொள்வார்கள். குளிர்காலத்தில் மூடப்படும் என்பதை அந்தக் கோட்டின் மேலேயே, நிறத்தாலோ சிறு குறியாலோ காட்ட வேண்டும். முன்பக்கத்துக் குறிவிளக்கத்தில் எங்கோ பொடி எழுத்தில் எச்சரித்துவிட்டால் போதாது.

அட்லஸ் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது அளவுத்திட்டத்தைத்தான். 1:1,50,000 என்றால் ஒரு சென்டிமீட்டர் தரையில் ஒன்றரை கிலோமீட்டர், 1:3,00,000 என்றால் மூன்று கிலோமீட்டர். அந்த இரண்டாவது அளவில் அரை மில்லிமீட்டர் தடிமனுக்குக் கோடு போட்டால் அதுவே தரையில் நூற்றைம்பது மீட்டர் அகலம் ஆகிவிடும், எண்பது மீட்டர் இடைவெளியில் பிரிகிற இரண்டு தடங்களை அதில் பிரித்துக் காட்ட உங்களாலும் முடியாது. அது தெரிந்தே வாங்குகிறோம், அதில் புகார் இல்லை. அப்புறம் பக்க ஓரத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். கோபுரம் எட்டாவிட்டாலும் செல்பேசியின் ஜிபிஎஸ் வேலை செய்யும், அது தரும் எண்களைக் காகிதத்தில் கொண்டுபோய் வைத்தால் நிற்கிற இடம் தெரிந்துவிடும். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது சுமார் 1.85 கிலோமீட்டர், அதனால் பத்து நிமிடத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டு நடுவில் ஒன்றுமே குறிக்காமல் விட்ட பக்கத்தை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டியிருக்கிறது. தயவுசெய்து நிமிடத்துக்கு ஒரு சிறு கோடாவது ஓரத்தில் போடுங்கள். நில உரிமைக்கு நிறம் பூசுவதை (வனத்துறைக்குப் பச்சை, நில மேலாண்மைத் துறைக்கு மஞ்சள், தனியாருக்கு வெள்ளை) நீங்கள் நன்றாகவே செய்கிறீர்கள், இரவு எங்கே கூடாரம் அடிக்கலாம் என்பதை முடிவு செய்ய அது பெரிய உதவி.

சரி, சாலையின் தரத்துக்கு வருகிறேன், எனக்கு ஆதங்கம் அதிகமாக இருப்பது இங்கேதான். அமெரிக்க வனத்துறை தன் சாலைகளைப் பராமரிப்பை வைத்து 1 முதல் 5 வரை தரம் பிரித்து வைத்திருக்கிறது. 1 என்றால் வண்டிகளுக்கு மூடிய சாலை, 2 என்றால் தரையிலிருந்து உயரமாக நிற்கும் வண்டிக்கு மட்டும், 3-இலிருந்துதான் சாதாரணக் கார். சாலை முனையில் நட்டிருக்கும் பலகையிலேயே இது பெரும்பாலும் தெரிந்துவிடும்: எண் படுக்கையாக எழுதியிருந்தால் பொதுவாகக் காரில் போகலாம், ஒல்லியான கம்பத்தில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கினால் கரடுமுரடான தடம். இப்படிச் சாலை இரண்டாகப் பிரிகிற ஓர் இடத்தில் நின்று உங்களில் ஒருவருடைய அட்லஸை விரித்துப் பார்த்திருக்கிறேன். இடது பக்கம் சரளை போட்டு இழைத்த சாலை. வலது பக்கம் ஒல்லிக் கம்பம், அதற்குப் பின்னால் இரண்டு சக்கரத் தடத்துக்கும் நடுவில் மணிக்கட்டுத் தடிமனுக்குப் பைன் கன்றுகள் எழும்பி நின்றன. அந்தத் தடிமன் வளர எத்தனை வருடம் ஆகியிருக்கும், அத்தனை வருடமும் அந்த வழியே வண்டி எதுவும் போனதில்லை என்றுதானே அர்த்தம். அட்லஸில் இரண்டுக்கும் ஒரே தடிமன், ஒரே நிறம், ஒரே விட்டுவிட்டுப் போட்ட கோடு. பகல் வெளிச்சம் இருந்தது, தொட்டியில் பெட்ரோல் இருந்தது, திரும்பிவிட்டேன். அதே இடத்துக்கு இருட்டிய பிறகு, வலது பக்கம் போனால் பதினைந்து கிலோமீட்டரில் தார்ச்சாலை என்று உங்கள் பக்கத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறவரை நினைத்துதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

2005-இல் வந்த விதிப்படி, எந்தச் சாலையில் எந்த வண்டி, எந்த மாதங்களில் போகலாம் என்று காட்டும் மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடத்தை வனத்துறை இலவசமாகவே கொடுக்கிறது. கறுப்பு வெள்ளையில் இருக்கும், மலையும் பள்ளமும் தெரியாது, அதை மட்டும் வைத்துக்கொண்டு வழி கண்டுபிடிப்பது கஷ்டம், ஆனால் சட்டப்படி எது திறந்த சாலை என்பதை முடிவு செய்வது அதுதான். உங்கள் பக்கம் எந்த வனச் சரகத்துக்குள் வருகிறது, அந்த அலுவலகத்தின் தொலைபேசி எண் என்ன என்று ஓரத்தில் ஒரு வரி போட்டால் போதும், கிளம்புவதற்கு முன்னால் நாங்களே கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வோம்.

இத்தனை ஆயிரம் கிலோமீட்டரை ஒவ்வொரு பதிப்புக்கும் ஓட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது, அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதத்தான் கேட்கிறேன். ‘வன எல்லைக்குள் உள்ள சாலைகள்: 2011 அரசுத் தரவு, நேரில் சரிபார்க்கப்படவில்லை’ என்று ஒரு பக்கத்தின் கீழே இருந்தால் நான் அந்தப் புத்தகத்தைக் கீழே வைத்துவிட மாட்டேன். அந்தப் பக்கத்தில் கூடுதலாக ஒரு கேன் பெட்ரோல் எடுத்துக்கொள்வேன், திரும்பி வரும் வழியை முன்கூட்டியே யோசித்து வைப்பேன், சரக அலுவலகத்தைக் கூப்பிடுவேன். பக்கத்துப் பக்கத்தில் ‘2022, நேரில்’ என்று இருந்தால் அங்கே கொஞ்சம் நிம்மதியாக ஓட்டுவேன். இப்போது எல்லாப் பக்கத்தையும் ஒரே மாதிரி நம்ப வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் ஒரே மாதிரி சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. கஷ்டப்பட்டு நேரில் போய்ப் பார்த்துவந்த உங்கள் ஆட்களின் உழைப்பும் இதில் அடையாளம் தெரியாமல் போய்விடுகிறது.

இன்னொன்று, சின்னதுதான்: பக்கம் முடிகிற இடத்தில் சாலையை அம்போ என்று விட்டுவிடாமல், அடுத்த பக்கத்தில் விரல் அகலமாவது திரும்ப வரையுங்கள். சாலைப் பிரிவு சரியாகச் சுருள் கம்பியின் துளைகளில் விழுந்திருக்கும் பக்கங்களையும் பார்த்திருக்கிறேன்.

திருத்தம் அனுப்ப ஒரு முகவரி கொடுத்திருக்கிறீர்கள், நல்லது. ஆனால் அனுப்பியது போய்ச் சேர்ந்ததா, ஏற்றுக்கொண்டீர்களா என்று தெரிவதில்லை. பதிப்பு வாரியாகத் திருத்தப் பட்டியல் ஒன்றை உங்கள் தளத்தில் போட்டுவையுங்கள், நாங்கள் அதை அச்செடுத்து அட்லஸுக்குள் செருகிக்கொள்வோம். எந்தக் கேட் பூட்டியிருந்தது, எந்தப் பாலம் இல்லை, எந்தத் தடத்தில் மரம் முளைத்துவிட்டது என்று பக்க எண், பார்த்த தேதி, அட்சரேகை, தீர்க்கரேகையோடு எழுதி அனுப்ப என்னைப் போன்றவர்கள் நிறையப் பேர் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் அட்லஸை இன்னமும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு வாசகன்