‘அரிசோனா வண்டி’ என்று விற்ற 1949 ஹட்சன்: புகார்

விற்பனை மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: 1949 ஹட்சன் கமடோர், நான்கு கதவு செடான். விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான வண்டியை விற்றது குறித்து.

ஐயா,

சென்ற மாதம் உங்கள் அரிசோனா யார்டிலிருந்து 6,800 டாலர் கொடுத்து இந்த வண்டியை வாங்கினேன். ட்ரெய்லரில் கொண்டுவந்து இறக்க இன்னொரு 1,400 டாலர் ஆனது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓடுகிற வண்டி என்று நினைத்து நான் வாங்கவில்லை. பல வருடம் கொட்டகையில் கிடந்த கார் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பின்சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. அதற்கு உங்கள்மேல் கோபமில்லை. கிளட்ச் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. கார்க் பதித்து எண்ணெயில் ஓடுகிற ஹட்சன் கிளட்ச், நெடுநாள் சும்மா நின்றால் அப்படித்தான் அடம்பிடிக்கும். குரோம் போய்விட்டது, ரப்பரெல்லாம் பொடியாக உதிர்கிறது. இவை படத்திலேயே தெரிந்தவை, தெரிந்தேதான் பணம் கொடுத்தேன். இன்ஜின் இறுகிப்போகவில்லை, கையால் சுற்றினால் சுற்றும் என்றீர்கள். சுற்றுகிறது. அந்த மட்டில் நன்றி.

என் புகார் நீங்கள் மூடி மறைத்ததைப் பற்றி.

விளம்பரத்தில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. ஒன்று, “ஆயுசு முழுக்க அரிசோனாவில் இருந்த வண்டி.” வறண்ட மாநிலம், துரு அதிகம் பிடித்திருக்காது என்று அதற்கு அர்த்தம். இன்னொன்று, “ஃப்ரேம் கெட்டியாக இருக்கிறது, துரு மேலோட்டம்தான்.” போனில் கேட்டபோதும் உங்கள் விற்பனையாளர் இதையே இரண்டு முறை சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியத்தை நம்பித்தான் நான் பணத்தை அனுப்பினேன்.

ஏன் என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். 1948 முதல் 1954 வரை ஹட்சன் செய்த இந்தக் கார்களில் தரை ஃப்ரேமின் மேல் உட்காராது, ஃப்ரேமின் இரும்புப் பக்கச் சட்டங்களுக்கு நடுவே தாழ இறங்கியிருக்கும். கதவைத் திறந்து உள்ளே காலை இறக்கித்தான் ஏற வேண்டும். ‘ஸ்டெப் டவுன்’ என்ற பெயரே அதனால் வந்ததுதான். பின்பக்கம் அந்தச் சட்டம் சக்கரத்துக்கு வெளிப்புறமாகச் சுற்றிப் போகும். பாடியும் ஃப்ரேமும் ஒன்றாக வெல்டிங் செய்தவை. அந்தக் காலத்து அமெரிக்கக் கார்கள் பெரும்பாலானவற்றில் போல்ட்டைக் கழற்றி, பாடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு சேஸிஸைப் பார்க்கலாம். இதில் அது நடக்காது. சட்டம் அரித்தால் கார் அரித்தது என்றே அர்த்தம்.

வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால், அடிப்பக்கம் முழுக்கப் புத்தம் புதிய கறுப்பு அண்டர்கோட்டிங். வாசம்கூட இன்னும் போகவில்லை. சரி, பாதுகாப்புக்கு அடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவர் பிடியால் முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். ணங், ணங் என்று நல்ல சத்தம். இடது பின்சக்கரத்தை நெருங்கியதும் பொத்தென்றது. சுரண்டினேன். கறுப்புப் பூச்சுக்கு அடியில் பட்டி, பட்டிக்கு அடியில் ஃபைபர் துணி, அதற்கும் உள்ளே வீட்டில் ஜன்னல் இடுக்கை அடைக்க அடிக்கிற மஞ்சள் நுரை. இரும்பைத் தேடிப் போனவனுக்கு ஒரு கைப்பிடி துருத் தூள்தான் கிடைத்தது. இடது சட்டத்தில் 26 அங்குல நீளத்துக்கும் வலதில் 19 அங்குலத்துக்கும் இதே கதை. 14 படங்கள் இணைத்திருக்கிறேன். 9வது படத்தில் அளவு நாடா ஒரு பக்கம் சட்டத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வருவதைக் கவனிக்கவும்.

கேட்பாரற்றுக் கிடந்த வண்டியில் துரு தானாக வரும். நுரை தானாக வராது.

அப்புறம் அந்த அரிசோனா விஷயம். ஹட்சன் பிறந்தது டெட்ராய்ட்டில் என்பதை விட்டுவிடுவோம். ஓட்டுநர் கதவின் ஓரத்தைத் துடைத்தபோது, எப்போதோ ஆயில் மாற்றியபோது ஒட்டிய சீட்டு ஒன்று தெரிந்தது. கடையின் ஊர் ஓஹாயோவில் டொலிடோ. குளிர்காலத்தில் பனியை உருக்க, இரும்பை அரிக்கும் உப்பைச் சாலையெல்லாம் தூவுகிற ஊர். படம் 12.

இன்னொன்றும் உண்டு. ஏற்றி அனுப்பும் முன் நீங்கள் எடுத்த வீடியோவில், ஸ்டார்டர் வேலை செய்வதைக் காட்ட ஒரு பேட்டரியை மாட்டியிருக்கிறீர்கள். இது 6 வோல்ட் வண்டி. பேட்டரியில் மூன்று மூடி இருக்க வேண்டும். வீடியோவில் ஆறு தெரிகிறது, அதாவது 12 வோல்ட் பேட்டரி. இங்கே வந்தபோது பெட்ரோல் அளவு காட்டும் மீட்டரும் டேஷ்போர்டு பல்புகளும் எரிந்து போயிருந்தன. பல்பை மாற்றிக்கொள்வேன். அந்த மீட்டரை எங்கே போய்த் தேடுவது?

போனில் பேசியபோது, “உள்ளது உள்ளபடி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே” என்றார் உங்கள் ஆள். போட்டேன். கார் வாங்கிய மூன்று நாளில் மனம் மாறித் திருப்பித் தரும் உரிமை கிடையாது என்பதும் தெரியும், அதை நான் கேட்கவில்லை. ஆனால் அரிசோனாவிலும் நடப்பில் உள்ள சீரான வணிகச் சட்டத்தின் (Uniform Commercial Code) 2-313ஆம் பிரிவுப்படி, பேரத்துக்கு அடிப்படையாக இருந்த பொருள் விவரிப்பே ஓர் உத்தரவாதம். ‘உள்ளது உள்ளபடி’ என்ற வரி சொல்லாத உத்தரவாதங்களைத்தான் நீக்கும், எழுதிக் கொடுத்த “ஃப்ரேம் கெட்டி” என்பதை அல்ல. விளம்பரத்தை அன்றே பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

இரண்டு சட்டங்களையும் வெட்டிப் புதிதாகச் செய்து வெல்டிங் செய்ய 5,200 டாலர் ஆகும் என்று பட்டறையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தொகையைக் கொடுத்தால் வண்டி என்னிடமே இருக்கட்டும். இல்லையென்றால் 6,800 டாலரையும் வந்த வாடகை 1,400 டாலரையும் திருப்பித் தந்துவிட்டு, உங்கள் செலவில் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். எலியோடு சேர்த்தே அந்தக் காரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் இதே படங்களோடு புகார் கொடுப்பேன். உங்கள் ஆள் நேரில் வந்து பார்க்க வேண்டுமென்றால் தாராளமாக வரலாம். இடது சட்டத்தைச் சுரண்டியது சுரண்டியபடியே விட்டிருக்கிறேன், எடுத்த நுரையை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வண்டியை வாங்கியவர்

இணைப்பு: விற்பனை ரசீது, விளம்பரப் பிரதி, வீடியோ, 14 படங்கள், பட்டறை மதிப்பீடு