இரண்டு முனை ரொட்டி

சுங்கை சிப்புட்,
சனிக்கிழமை

அன்புள்ள மணி,

நான்கு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை என்று திட்டியிருப்பாய். திட்டு. இங்கே வாசுகி நலம். மருமகளுக்கு இரண்டாவதும் பையன். கிராணி வீட்டு நில வழக்கு இன்னும் இழுக்கிறது. அவ்வளவுதான் ஊர்ச் செய்தி.

சைக்கிள் கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு சாப்பாட்டுக்கடை. நான்கு மேசை, ஒரு மின்விசிறி. நம் தோட்டத்து ஒன்பதாம் லயத்து அக்காவின் பேரன்தான் முதலாளி. சிங்கப்பூரில் ஆறு வருடம் கோப்பை கழுவி, பிறகு அடுப்படிக்கு ஏறியவன். பலகையில் 'பான் மீ' என்று எழுதியிருந்தான். நம் ஊர்ப் பான் மீதான், நெத்திலி போட்ட நூடுல்ஸ் சூப் வரும் என்று நம்பி, கரண்டியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வந்தது ரொட்டி! வியட்நாம்காரர்கள் அவர்கள் ரொட்டியையும் அப்படித்தான் சொல்வார்களாம். "கரண்டி துடைத்ததில் நீங்கள் பதினோராவது ஆள், தாத்தா" என்றான் பையன்.

சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பிரெஞ்சு ரொட்டி. அழுத்தினால் மேல்தோல் சருகுபோல நொறுங்குகிறது, உள்ளே வெறும் பஞ்சு. வினிகரில் ஊறிய கேரட், முள்ளங்கிக் கீற்று, வெள்ளரி, காம்போடு கொத்தமல்லி, பச்சை மிளகாய் எல்லாம் அந்த நாட்டு முறைப்படி. ஆனால் அங்கே பன்றி இறைச்சி வைக்கும் இடத்தில் இவன் வைப்பது நம் ஆட்டிறைச்சிப் பெரட்டல்! மயோனைஸில் பொரித்து நொறுக்கிய கறிவேப்பிலை வேறு. ஆட்டுக் கொழுப்பு நாக்கில் படியும் நேரம் பார்த்து முள்ளங்கிப் புளிப்பு வந்து கழுவிவிடுகிறது. ஒன்பது வெள்ளி. விலையைக் கேட்டதும் வயிறு எரிந்தது. மறுநாளும் போனேன்.

அந்த ரொட்டி பிரெஞ்சுக்காரனோடு வியட்நாமுக்குப் போனது. 1954-இல் நாடு இரண்டானபோது வடக்கிலிருந்து சைகோனுக்கு ஓடிவந்தவர்கள்தான், துரைமார் தட்டில் பரப்பித் தின்றதை ரொட்டிக்குள் திணித்து, நடந்துகொண்டே தின்னும்படி விற்றார்கள் என்கிறார்கள். அங்கேயும் நம் தோட்டம்போல ரப்பர் பால்மரம்தான், தெரியுமா? மிஷெலின் டயர் கம்பெனியின் தோட்டங்களுக்கு வடக்கிலிருந்துதான் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோனார்கள், நம் தாத்தாக்களை நாகப்பட்டினத்தில் கப்பலேற்றியதுபோல. அவர்கள் துரையிடமிருந்து இந்த ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். நம் துரை நமக்கு விட்டுப்போனது காலி பிஸ்கட் டின்.

வாசுகியிடம் மாட்டிக்கொண்டேன். சட்டைப்பையில் ஒரு கேரட் கீற்று. இனிப்பு நீர்க்காரனுக்கு இது தேவையா என்று இரண்டு நாள் பேச்சில்லை. பிறகு ஓர் ஒப்பந்தம்: வாரத்தில் ஒரு நாள், அதுவும் பாதி.

மணி, இவ்வளவு நேரம் ரொட்டியைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். உன் தம்பியை ஈப்போவில் பார்த்தேன். உன் கால் விரலை எடுத்துவிட்டார்களாமே. தைப்பூசத்தன்று தொலைபேசியில் அரை மணி நேரம் பேசினாய், செருப்புக் கடித்துவிட்டது என்றாய். எனக்குமா செருப்புக் கதை? அன்று இரவு தூங்கவில்லை. கோபமா பயமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

காலைத் தினமும் பார்க்கிறாயா? குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார். வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்காதே. லயத்துப் பிள்ளைகளுக்கு வெறுங்கால் பழக்கம் போகவே போகாது. எனக்கும்தான்.

புண் ஆறியதும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வா. ஈப்போவில் பஸ் இறங்கினால் நான் கார் எடுத்து வருகிறேன். திங்கட்கிழமை மட்டும் கடை இல்லை. ரொட்டிக்காரர் சைக்கிள் மணி கேட்டதும் முனைத் துண்டுக்காக என் காதைக் கடித்தவன் நீ. இந்த ரொட்டிக்கு இரண்டு முனை. என் பாதி போக மறுபாதியைப் பையன்தான் தின்றுகொண்டிருக்கிறான்.

உன்,
கட்டையன்