பணிக்கரின் எழுத்துகளைப் படிக்க முடியுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரைச் சென்னைக்கு அருகிலுள்ள சோழமண்டல ஓவியர் கிராமத்தை 1966-இல் உருவாக்கியவர் என்ற அளவில் மட்டுமே அறிந்திருக்கும் வாசகர்களுக்கு, 1963 முதல் அவர் தீட்டிய 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசையைக் கடந்த இதழில் அறிமுகப்படுத்தியமைக்கு நன்றி. ஆனால் அவற்றிலுள்ள எழுத்துகள் மந்திரம், யந்திரம் ஆகியவற்றை வழிபாட்டில் கையாளும் தாந்திரிக மரபின் மறைபொருளைச் சொல்கின்றன என்றும், முயன்றால் படித்துவிடலாம் என்றும் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

விமர்சகர்கள் சிலர் அவரை அந்த மரபில் சேர்த்துப் பேசியதுண்டு என்பது உண்மையே. எனினும் தம்மைத் தூண்டியது எது என்பதைப் பணிக்கரே சொல்லியிருக்கிறார்: ஒரு மாணவனின் கணக்கு நோட்டில் எண்களும் ரோமன் எழுத்துகளும் வடிவகணிதக் கோடுகளும் ஒரே பக்கத்தில் கலந்து கிடந்த தோற்றம். அந்தக் கணக்கு சரியா தவறா என்பது ஓவியருக்குப் பொருட்டே அல்ல. பக்கம் நிறைந்திருந்த விதமே அவருக்கு வேண்டியிருந்தது.

அவ்வோவியங்களை நெருங்கி நின்று பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மலையாள எழுத்தின் சுழி ஒன்று தெளிவாகத் தெரியும். அடுத்ததோடு கூட்டி வாசிக்கப் போனால் அது எழுத்தாகவே இராது, வெறும் வளைவாக நழுவிவிடும். மலையாளம் நன்கறிந்தவர்களுக்கும் இதே நிலைதான். பக்கத்திலேயே ஜாதகக் கட்டம் ஒன்று இருக்கும். ஜாதகர் யார் என்று கேட்க வழியிராது. பொருளைக் கழற்றிவிட்டு எழுத்தைக் கோடாக மட்டும் நிறுத்துவதே அவர் செய்த காரியம் என்பதால், அதற்குள் மறுபடியும் ஒரு பொருளைத் திணிப்பது அவரது உழைப்பையே அழிப்பதாகும் என்பது என் கருத்து.

பணிக்கர் முதல்வராக இருந்தபோது சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற கே.எம். ஆதிமூலம் இதற்கு நேரெதிரான வழியில் சென்று, ஓவியரின் தூரிகையால் தமிழ் எழுத்தைப் படிக்கும்படியாகவே எழுதிச் சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் தலைப்பு வரைந்து தந்தார். இருவரையும் ஒருசேர வைத்துப் பேசியிருந்தால் கட்டுரைக்கு இன்னும் வலுக் கூடியிருக்கும்.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். கட்டுரையுடன் வந்த ஒரே படம் அஞ்சல் தலை அளவில், கறுப்பு வெள்ளையில் அச்சாகியிருந்தது. அந்த அளவில் நிறமும் தெரியாது, கோட்டின் நடுக்கமும் தெரியாது; சிறிய அச்சில் வந்த ஏதோ ஒரு வாசகம் போலத்தான் தோன்றும். படிக்க முயலும் ஆசை எழுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். உரிய அனுமதி பெற்று, ஓர் ஓவியத்தையாவது வண்ணத்தில் முழுப் பக்கத்துக்கு வெளியிடுமாறு வேண்டுகிறேன். நேரில் காண விரும்புவோருக்குத் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரிலேயே ஓவியக்கூடம் இருக்கிறது என்ற குறிப்பையும் உடன் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நாகர்கோவில்.