தீர்ப்பு வருவதற்குள் போட்டியாளர் இருப்பாரா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கூகுள் மீதான ஏகபோக வழக்கு பற்றிய கட்டுரையைப் படித்தேன். யார் ஜெயித்தார்கள், பங்கு விலை என்ன ஆனது என்பதையெல்லாம் விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், தீர்ப்பு வர எத்தனை வருடம் ஆனது என்பதை ஒரே வரியில் தாண்டிவிட்டார். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

நான் முதன்முதலில் கணினியில் உட்கார்ந்தபோது, இணையம் என்றால் திரையில் இருந்த அந்த நீல நிற ‘ஈ’ படம்தான், அதாவது மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பிரவுசர். யாரும் அதைத் தேடிப்போய் நிறுவவில்லை, விண்டோஸோடு கூடவே வந்தது. அதற்குப் போட்டியாக நெட்ஸ்கேப் என்று இன்னொரு பிரவுசர் இருந்ததே வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும். தன் பிரவுசரை விண்டோஸோடு சேர்த்துக் கொடுத்துப் போட்டியாளரை ஒதுக்குகிறது என்று 1998 மே மாதம் அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டது. அந்த வருடம் முடிவதற்குள் நெட்ஸ்கேப்பை ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனம் வாங்குவதாக அறிவிப்பே வந்துவிட்டது. 2000-இல் மைக்ரோசாஃப்டை இரண்டாகப் பிரிக்க உத்தரவு. 2001-இல் மேல்முறையீட்டில் அது ரத்து. ஆனால் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காப்பாற்றிக்கொண்டது உண்மைதான் என்று அந்த நீதிமன்றமும் சொன்னது. அப்புறம் 2003-இல், நெட்ஸ்கேப் தொடர்பான வழக்கில், மைக்ரோசாஃப்ட் ஏஓஎல்லுக்கு 75 கோடி டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. பணம் வந்தது, போன பயனர்கள் வரவில்லை.

கூகுள் வழக்கும் அப்படித்தான். 2020-இல் தொடங்கி, 2024 ஆகஸ்டில்தான் நீதிபதி அமித் மேத்தா அது சட்டத்தை மீறிய ஏகபோகம் என்றார். ஆப்பிளின் சஃபாரியில் முதல் தேடுபொறியாக இருக்க 2022-இல் மட்டும் கூகுள் கொடுத்தது 2,000 கோடி டாலர். வேண்டாதவர்கள் செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாமே என்கிறார்கள். பெரும்பாலோர் மாற்ற மாட்டார்கள் என்று தெரிந்துதானே அவ்வளவு பணம்!

உத்தரவு போட்டபிறகும் கண்காணிக்க ஆள் வேண்டும். ஐரோப்பாவில் விண்டோஸ் பயனர்களுக்குப் பிரவுசரைத் தேர்ந்தெடுக்கும் திரையைக் காட்டுவதாக மைக்ரோசாஃப்ட் 2009-இல் ஒப்புக்கொண்டது. 2011 மே முதல் 2012 ஜூலை வரை ஒன்றரைக் கோடி பேருக்கு அந்தத் திரை வரவே இல்லை. 56.1 கோடி யூரோ அபராதம் விழுந்தது 2013-இல்!

வழக்கு நடக்கும்போதே சந்தேகத்துக்குரிய ஒப்பந்த நிபந்தனைகளை நிறுத்திவைக்க ஐரோப்பியச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2019-இல் பிராட்காம் சிப் நிறுவனத்துக்கு அப்படி ஓர் இடைக்கால உத்தரவு போட்டார்கள். அதை ஏன் இவ்வளவு அபூர்வமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று உங்கள் இதழ் விரிவாக எழுத வேண்டும்.

அன்புடன்,
நீண்டநாள் வாசகர்